மைசூர்க் கடைவீதியிலே கண்டதும் கற்றதும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழாவில் நான் பேசவேண்டும் என்று சங்கத்தார் பணித்தபோது, இலக்கியம் பற்றிப் பேசுவேன் என்றுதான் அவர்கள் எண்ணியிருப்பார்கள். முப்பத்தோராண்டு பள்ளியாசிரியனாக இருந்தவனிடம் வேறெதனை எதிர்பார்க்க இயலும்? ஆனால் நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் கடைவீதி. "இவர் கடைவீதியில் வாங்கத் தெரியாதவர்" என்று என் இல்லத்தரசி இந்த அவையிலேயே சான்று கூறுவார். வாங்கத் தெரியாதவன் வாங்கும் கலையைப் பற்றிப் பேசுவதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

கடைவீதி நம் இலக்கியத்திற்குப் புறம்பானதன்று. மதுரைக்காஞ்சி பகலங்காடியையும் இரவங்காடியையும் நமக்குக் காட்டுகிறது. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரை மாநகரின் மணி விற்கும் வீதியையும், பொன் விற்கும் வீதியையும், துணி விற்கும் வீதியையும் கண்டு மகிழ்ந்து செல்கிறான். அவ்வளவையும் கண்டவன், மறுநாள் ஒரு சிலம்பை விற்கப் போய் உயிரிழந்தான். ஏன்? அந்தச் சிலம்பு எங்கிருந்து வந்தது, எவர் காலில் இருந்தது, அதனுள்ளே இருப்பது என்ன என்னும் கேள்விகளை எவரும் தக்க காலத்தில் கேட்கவில்லை. கேட்கப்படாத அக்கேள்வி ஒரு நகரையே எரித்தது. இதனை மனத்திற் கொண்டே நான் மேலே செல்ல விரும்புகிறேன்.

நம் பாட்டன்மார் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் மூட்டையும் முடிச்சுமாக இங்கு வந்தபோது, இவ்விடத்தை 'மைசூர் மைன்ஸ்' என்றே வழங்கினார்கள். ஊரின் பெயரிலே மைசூர் இருந்ததேயன்றி, அவர்களுள் மைசூர் நகரைக் கண்ணாற் கண்டவர் எத்தனை பேர்? என் தந்தையார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறையைத் துளையிடும் பணியில் முப்பதாண்டுக் காலம் உழைத்தார். பூமிக்குக் கீழே பன்முறை சென்று வந்த அவர், இரயிலேறி மைசூருக்கு ஒருமுறையேனும் சென்றாரில்லை. ஆகவே சென்ற தை மாதத்தில், என் இளைய மகளின் திருமணத்துக்குச் சேலை எடுக்கவும், சம்பந்தி வீட்டாருக்கு நினைவுப் பொருள்கள் வாங்கவும், நானும் என் மனைவியும் மாரிக்குப்பத்தில் வண்டியேறிப் பங்காருப்பேட்டை, பெங்களூர் வழியாக மைசூர் சென்றபோது, தந்தையார் செல்லாத வழியிலே செல்கின்றோம் என்னும் எண்ணம் எனக்கு இருந்தது.

2014ஆம் ஆண்டு முதல் அந்நகரின் பெயர் ஆட்சி வழக்கில் மைசூரு என்பதாகும். நம் நாவிற்குப் பழகியபடி மைசூர் என்றே கூறுகிறேன். இன்று நாம் காணும் அரண்மனை பழையதன்று. மரத்தாலான முந்தைய அரண்மனை 1897இல் அரசகுமாரியின் திருமண நாள்களில் தீக்கிரையாயிற்று. ஹென்றி இர்வின் என்பவர் வரைந்த திட்டப்படி எழுந்த இப்போதைய அரண்மனை 1912இல் நிறைவெய்தியது. அதே 1912இல்தான் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் மைசூர்ப் பட்டு நெசவாலையும் தொடங்கப்பெற்றது. சுவிட்சர்லாந்து நாட்டினின்று 32 விசைத்தறிகளை வரவழைத்து அதனைத் தொடங்கினார்கள்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணவேண்டும். 1880 முதல் ஜான் டெய்லர் குழுமத்தார் இங்கே பொன் எடுத்தார்கள். எடுத்த பொன்னுக்கு மைசூர் அரசுக்குப் பங்குத்தொகை செலுத்தினார்கள். 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி இழுத்து மின்சாரம் கொணர்ந்ததும் இச்சுரங்கத்திற்காகவே. பட்டாலைக்கான ஒவ்வொரு காசும் நம் சுரங்கத்தினின்று சென்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம்மவர் தோண்டிய பொன்னின் பங்கு சென்று சேர்ந்ததும், அந்தத் தறிகளை வாங்கப் பணம் வந்ததும் ஒரே அரசின் கருவூலம் அன்றோ? ஆகவே மைசூர்க் கடைவீதியில் நாம் முற்றிலும் அயலார் அல்லர்.

பட்டிலிருந்து தொடங்குகிறேன். மானந்தவாடிச் சாலையிலுள்ள நெசவாலையின் விற்பனைக் கூடத்திற்குச் சென்றோம். காஞ்சிபுரம் பட்டையே கண்டு பழகிய நம் பெண்களுக்கு மைசூர்ப் பட்டு முதலில் சற்று ஏமாற்றமாகவே தோன்றும். கனமில்லை, மொடமொடப்பில்லை, உடலுக்கும் கரைக்கும் மாறுபட்ட நிறங்கள் மோதுவதில்லை. காரணம் யாது? காஞ்சியில் நூலுக்கு முதலில் சாயம் ஏற்றிப் பின் நெய்கிறார்கள். ஆகவே உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் கோர்வையாக இணைக்க முடிகிறது. மைசூரிலோ, மிகுதியாக முறுக்கேற்றிய பட்டிழையைச் சாயமின்றி நெய்து, நெய்த பின்னர் பசை நீக்கிச் சாயமிடுகிறார்கள். ஆதலால் சேலை முழுதும் ஒரே நிறம். முறுக்கினால் ஒரு குழைவு. கையில் எடுத்தால் தண்ணீர்போல் வழிகிறது. ஒன்று மற்றொன்றினும் தாழ்ந்ததன்று. முறை வேறு, அழகும் வேறு.

சரிகையைப் பற்றிக் கேட்டேன். நூற்றுக்கு 65 பங்கு வெள்ளி, 0.65 பங்கு பொன் என்று கூறினார்கள். "நூற்றில் ஒன்றுகூட இல்லையே!" என்றாள் என் மனைவி. எனக்கோ வியப்பு வேறாக இருந்தது. நம் சுரங்கத்தின் இறுதிக் காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்து மாவாக்கினால் கிடைத்த பொன் சில கிராம்களே. அதனோடு ஒப்பிட்டால் அந்தச் சேலைக் கரை பெரும்பொன் விளையும் நிலமல்லவா? அந்த 0.65 பங்குப் பொன்னின் பின்னே எத்தனை டன் பாறை, எத்தனை மனிதரின் மூச்சு என்பதைக் கணக்கிடத் தெரிந்தவர்கள் இந்நாட்டில் நாமே. சரிகையை ஆராயும் வழி ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நல்ல சரிகையில் பட்டு நூலின்மேல் வெள்ளித் தகடு சுற்றி, அதன்மேல் பொன் முலாம் ஏற்றியிருப்பார்கள். காஞ்சிபுரச் சரிகையாயின் ஓரிழையைப் பிரித்தால் உள்ளே சிவப்புப் பட்டு தெரியும். போலிச் சரிகையில் செம்புக் கம்பியோ வேறு மலிவான இழையோதான் இருக்கும். ஆலையின் மைசூர்ப் பட்டுக்கு எண்ணும் முத்திரையும் உண்டு. அவற்றைக் கேட்டுப் பார்த்து வாங்குவது நாணத்தக்க செயலன்று. வாங்குவோர் கேளாவிட்டால் மெய்யாக நெய்தவனுக்கும் பொய்யாக நெய்தவனுக்கும் ஒரே விலைதான் கிட்டும்.

சேலை எடுத்த பின்னர், நினைவுப் பொருள் வாங்கச் சயாஜிராவ் சாலையிலுள்ள அரசாங்கக் கைவினை விற்பனையகமான 'காவேரி'க்குச் செல்ல எண்ணி ஓர் ஆட்டோவில் ஏறினோம். வண்டியோட்டி இனிய தமிழிலேயே, "ஐயா, அந்தக் கடை இன்று விடுமுறை, அதனினும் நல்ல கடைக்கு அழைத்துப் போகிறேன்" என்றார். நம்பினோம். அவர் கொண்டுபோய் விட்ட கடையில் சந்தன யானை ஒன்றைக் காட்டினார்கள். மணம் மூக்கைத் துளைத்தது. ஜவ்வாது மலையடிவாரத்தில் பிறந்த என் மனைவி அதைக் கையிலெடுத்து, முகர்ந்து, துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்து, "எண்ணெய் துணியில் வருகிறது, மரத்தில் மணமில்லை" என்று கீழே வைத்துவிட்டாள். வேறு மரத்தில் செதுக்கிச் சந்தன எண்ணெய் பூசிய பொருள் அது. வெளியே வந்து நடந்து சென்று பார்த்தால், விடுமுறை என்று சொல்லப்பட்ட கடை திறந்தே இருந்தது!

சந்தனம் மைசூரில் அரச மரம். திப்பு சுல்தான் காலந்தொட்டு அது எவர் நிலத்தில் முளைத்தாலும் அரசுக்கே உரியதாக இருந்தது. 2001இல்தான் நிலத்துக்கு உரியவனே மரத்துக்கும் உரியவன் என்று கருநாடகத்தில் சட்டம் திருத்தப்பெற்றது. முதல் உலகப் போரினால் சந்தனக் கட்டையை ஐரோப்பாவுக்கு அனுப்பும் வாணிகம் தடைப்பட்டபோது, இங்கேயே எண்ணெய் வடிக்கலாம் என்று 1916ஆம் ஆண்டளவில் மைசூர் அரசு தொடங்கிய முயற்சியே பின்னர் நாமெல்லாம் அறிந்த மைசூர்ச் சந்தன சோப்பாக மலர்ந்தது. சந்தனத்தைச் செதுக்கும் குடிகார் என்னும் மரபினர் சிமோகா மாவட்டத்துச் சாகர், சொரபா பகுதிகளில் வாழ்பவர்கள். மைசூர்க் கடையில் நாம் காணும் சிற்பம் பெரும்பாலும் அங்கே செதுக்கப்பட்டு இங்கே வருவதாகும்.

அடுத்து, ஈட்டி மரப் பதிப்பு வேலை. கரும்பழுப்பு ஈட்டிப் பலகையில் சித்திரத்தைக் கீறி, அந்த அளவுக்குக் குழித்து, வேறு நிற மரத் துண்டுகளை நுண்ணிய வாளால் அறுத்துப் பொருத்தி ஒட்டி மெருகேற்றுவது அது. முற்காலத்தில் யானைத் தந்தத்தையே பதித்தார்கள். அரண்மனைக் கதவுகளில் அதனை இன்றும் காணலாம். 1986இலும் 1991இலும் வனவிலங்குச் சட்டம் திருத்தப்பெற்றுத் தந்த வாணிகம் முற்றும் தடை செய்யப்பட்டபோது, அக்கலைஞர் பலர் திகைத்து நின்றார்கள். அழியவில்லை, மரத்துக்கு மரமே நிறமாயிற்று. மஞ்சளுக்குப் பலா, கறுப்புக்குக் கருங்காலி என மரத்தின் இயற்கை வண்ணத்தைக் கொண்டே மாலை வானத்தையும் மாட்டு வண்டியையும் தீட்டுகிறார்கள்.

பழைய குடியிருப்பொன்றில் ஒரு பதிப்பு வேலைக்காரரின் வீட்டுத் திண்ணைக்கே சென்று அவரைக் கண்டோம். முகமதியப் பெரியவர், எழுபது வயதிருக்கும். கன்னடமும் உருதுவும் சிறிது தமிழும் பேசினார். ஓர் அடி அகலமுள்ள படம் ஒன்றுக்கு விலை சொன்னார். நான் வழக்கம்போல், "சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் சினம் கொள்ளவில்லை. "ஐயா எந்த ஊர்?" என்றார். "கோலார்த் தங்கவயல்" என்றேன். "உங்கள் பெரியவர்கள் சுரங்கத்தில் இறங்கினவர்களா?" என்றார். "ஆம்" என்றேன். "அப்படியானால் அவர்கள் எடுத்த பொன்னுக்கு விலை பேசினது யார் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, வாளை மீண்டும் கையில் எடுத்துக்கொண்டார்.

பெரியோர்களே! அந்தக் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை. பொன் விலையை இலண்டனில் எவரோ வகுத்தார். கூலியை இங்கே எவரோ வகுத்தார். துளையிட்டவனை எவரும் கேட்கவில்லை. அதே வழக்கத்தை நான் இன்னொரு தொழிலாளியின் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு செய்திருக்கிறேன்! சொன்ன விலையைக் கொடுத்தேன். இடைத்தரகன் சொல்லும் விலையில் பேரம் பேசுங்கள், அதில் தவறில்லை. செய்தவனின் கையிலேயே நேராக வாங்கும்போது, அது எத்தனை நாள் வேலை என்று முதலில் கேளுங்கள். நாளொன்றுக்கு என்ன கூலி விழுகிறது என்று மனத்திற்குள் வகுத்துப் பாருங்கள். பிறகு பேரம் பேச உங்களுக்கே நா எழாது.

மைசூர் ஓவியத்தைப் பற்றியும் சில சொற்கள். 1565இல் விசயநகரம் வீழ்ந்த பின் சிதறிய ஓவியர் மரபில் ஒரு கிளை தஞ்சையிலும் ஒரு கிளை மைசூரிலும் தழைத்தது. மும்முடி கிருஷ்ணராஜ உடையார் அதனைப் போற்றி வளர்த்தார். இரண்டிலும் பொன் தகடு உண்டு. தஞ்சை ஓவியத்தில் சுதையைத் தடித்து எழுப்பிக் கண்ணாடிக் கற்கள் பதிப்பார்கள். மைசூரில் மேடு மிக மெல்லியது, வண்ணம் அடங்கியது, பொன் தகடு அணிகலனிலும் கரையிலும் மட்டும் ஒளிரும். பொன் தகட்டுக்கு மாறாக மஞ்சள் நிறத் தாளை ஒட்டி விற்பவர்களும் உண்டு. சகன்மோகன அரண்மனையிலுள்ள கலைக்கூடத்தில் பழைய ஓவியங்களை ஒருமுறை பார்த்த பின் கடைக்குச் செல்லுங்கள்; உங்கள் கண்ணே உங்களுக்கு உரைகல்லாகும்.

பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையே சென்னப்பட்டணத்து மரப்பாவைகளையும் மறவாதீர்கள். வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, வண்ண அரக்கைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்த, உரசலின் வெப்பத்திலே அரக்கு இளகிப் படிகிறது. தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். என் பேரக் குழந்தைக்கு ஒரு குதிரை வாங்கினேன். நான் கொண்டுவந்த பொருள்களுள் வீட்டில் இன்றுவரை குறை சொல்லப்படாதது அஃதொன்றே.

இனி, நான் உங்கள் முன் சொல்லவந்த செய்திக்கு வருகிறேன்.

நகரின் நடுவே தேவராஜ அங்காடி இருக்கிறது. மல்லிகையும் வெற்றிலையும் நஞ்சன்கூட்டு இரசவாழையும் குங்குமக் குவியலும் நிறைந்த நூறாண்டு கடந்த அங்காடி அது. 2016இல் அதன் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. அதன் அருகே ஒரு சந்தில் பழம்பொருள் கடையொன்றில் நுழைந்தோம். கடிகாரங்கள், பித்தளைக் கூசாக்கள், பீங்கான் தட்டுகள், கிராமபோன் பெட்டிகள். அவற்றுக்கிடையே ஒரு சிறிய பித்தளை விளக்கு. கீழே கார்பைடுக் கட்டியிடும் கிண்ணம், மேலே நீர் சொட்டும் பகுதி, முன்னே வட்டமான ஒளித்தகடு. கண்டவுடன் அறிந்தேன். கடைக்காரர் கூறினார்: "வெள்ளைக்காரத் துரை வைத்திருந்த விளக்கு சார், கோலார் பங்களாவிலிருந்து வந்தது. விலை ரூ.2,500."

எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடியிலே ஆணியால் கீறிய மூன்று இலக்கங்கள். எந்தத் துரை தன் விளக்கின் அடியில் எண்ணை ஆணியால் கீறிக்கொள்வான்? அது ஒரு தொழிலாளியின் விளக்கு. என் தந்தையாருடையது அன்று. அவர் எண் எனக்குத் தெரியும். ஆயினும் அதே வகை.

அவையோரே, என் தந்தையாரின் விளக்கு எங்கே என்று நீங்கள் கேட்கவேண்டும். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. 1956இல் மாநில அரசு ஏற்று, 1962இல் மத்திய அரசு ஏற்று, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று பெயர் பெற்ற அப்பெரு நிறுவனத்தின் சங்கொலி அன்றோடு அடங்கியது. அந்த ஆண்டின் இறுதியில் வீட்டிலிருந்த பழைய பித்தளையையும் இரும்பையும் எடை போட்டு விற்றவன் நானே. தந்தையார் அப்போது உயிருடன் இல்லை. விளக்குக்கு எடைக்கணக்கில் ரூ.12 கிடைத்தது. பன்னிரண்டு ரூபாய்க்கு விற்றவன், இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் விலை கேட்டு நிற்கின்றான். என்னை ஏமாற்றியவர் எவருமில்லை. என் கையிலிருந்ததன் பெருமையை நானே அறியவில்லை.

பழம்பொருள் வாங்குவோர்க்கு நாட்டின் சட்டம் ஒன்றுண்டு. 1972இல் இயற்றிய தொல்பொருள் சட்டத்தின்படி, நூறாண்டு கடந்த சிற்பம், ஓவியம் முதலியனவும் எழுபத்தைந்தாண்டு கடந்த சுவடிகளும் தொல்பொருள்களாம்; அவற்றை விற்க உரிமம் வேண்டும்; தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. இருந்தும் நடந்தது என்ன? அரியலூர் மாவட்டத்துச் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசர் களவாடப்பட்டார். 2008இல் ஆஸ்திரேலிய நாட்டின் தேசியக் கலைக்கூடம் அவரை ஏறத்தாழ ஐம்பது இலட்சம் அமெரிக்க வெள்ளிக்கு வாங்கியது. 2014இல்தான் அவர் தாயகம் திரும்பினார். அத்துணைப் பெரிய நிறுவனம், அத்துணைக் கற்றறிந்தோர்! "எந்தக் கோயிலில் இருந்தவர் இவர்?" என்னும் கேள்வியை விடாது கேட்டிருந்தால் வாங்கியிருப்பார்களா? சிலம்புக்குக் கேளாத கேள்வி இங்கும் கேட்கப்படவில்லை. எனவே கோயிலில் இருந்திருக்கக் கூடிய எதனையும் கடையில் கண்டால் விலை கேளாதீர்கள். வந்த வழியைக் கேளுங்கள். தக்க விடை வராவிட்டால் வாங்காமல் வெளியேறுங்கள்.

என் விளக்கோ அத்தகைய தெய்வத் திருவுருவன்று. எனினும் அதற்கும் ஒரு வந்த வழி உண்டு. அது துரையின் பங்களா வழியன்று. நான் தயங்கி நின்றேன். சம்பந்தி வீட்டாருக்கென்று வைத்திருந்த பணத்தில் மிச்சம் அவ்வளவுதான். என் மனைவி சொன்னாள்: "வாங்கிவிடுங்கள். யார் வீட்டு விளக்கோ, நம் ஊருக்குத் திரும்பிப் போகட்டும்." கடைக்காரரிடம் இது துரையின் விளக்கன்று, துளையிட்டவன் விளக்கு என்று எடுத்துச் சொன்னேன். அவர் நல்லவர், சிறிது நேரம் அடியிலிருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, ரூ.500 குறைத்துக்கொண்டார். துரையின் விளக்கென்றால் விலை கூடும், தொழிலாளியின் விளக்கென்றால் குறையும் என்பதை நான் அன்று கற்றேன். அந்தக் குறைவு எனக்கு இலாபந்தான். ஆயினும் நெஞ்சில் தைத்தது.

அந்த விளக்கு இதோ இம்மேசையின்மேல் இருக்கிறது. இதனைச் சங்கத்துக்கே தருகிறேன். அடியிலுள்ள எண் 417. எந்தச் சுரங்கத்தைச் சேர்ந்தது என்று நான் அறியேன். இங்குள்ள முதியோர் எவரேனும் இதனை அறிந்தால், விழா முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள்.

இறுதியாக இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது, நீங்கள் மைசூருக்கோ காஞ்சிக்கோ தஞ்சைக்கோ சென்று எதை வாங்கினாலும், விலையைக் கேட்பதற்கு முன் செய்த கையைக் கேளுங்கள். பொன் எடுத்த கையை உலகம் கேளாமல் விட்டது. நாமும் பிறர் கையைக் கேளாமல் விடலாகாது. இரண்டாவது, உங்கள் வீட்டுப் பரணிலே கிடக்கும் விளக்கு, தொப்பி, உளி, சம்பளச் சீட்டு எதுவாயினும் எடைக்குப் போடாதீர்கள். வைத்துக்கொள்ள இயலாவிடின் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். கொண்டுவரும்போது அது யாருடையது, எந்தச் சுரங்கம், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதிக் கட்டுங்கள். அந்தத் தாள் இல்லையேல், நாளை எந்தக் கடையிலும் அது ஒரு துரையின் பொருளாகவே விற்கப்படும்.